குடிக்காத நாட்களின் கதை: மதுவும் போர்வடுவும் சேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

இது தனி ஒருவரின் கதை அல்ல. ஒரே மாதிரியான சில நோயாளர்களின் விவரங்களைக் கலந்து, ஆளை இனங்காண முடியாதபடி ஊர், தொழில், உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருக்கிறேன். மனநலக் கிளினிக்கில் வேலை செய்பவர்களை நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் மருத்துவச் சொற்களைக் குறைத்திருக்கிறேன்.

வந்த நிலை

46 வயது மேசன். மனைவி, மூன்று பிள்ளைகள், கூடவே மாமியார். பல வருடங்களாகத் தினமும் சாராயம், அரைப்போத்தலுக்குக் குறையாது. அரைப்போத்தல் என்றால் 375 மில்லிலீற்றர். அதில் ஏறத்தாழ 100 கிராம் அற்ககோல் இருக்கும். வேலையிடத்தில் மத்தியானம் கள்ளும் உண்டு, அதை அவர் குடிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கேட்டால் "அது வெக்கைக்கு" என்பார்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு முதல்நாள் இரவுவரை குடித்திருக்கிறார். கொடி ஏறிவிட்டால் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. திருவிழா நடக்கும் 25 நாளும் குடியை நிறுத்துகிறவர்களும் நிறையப் பேர். இவரும் நிறுத்தினார், ஒரேயடியாக. அடுத்தநாள் கை நடுக்கம், வியர்வை, ஓங்காளம். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து விறாந்தையில் விழுந்தார். மூன்றாம் நாள் காலையில் சுவரிலிருந்து பூச்சி பொறுக்கத் தொடங்கினார். அங்கே இல்லாத தம்பியோடு கதைத்தார். கடைசிப் பிள்ளையின் தலையைப் பிடித்து நிலத்தோடு அமர்த்தி "குனி, குனி" என்று கத்தினார். விரதத்தில் ஏதோ குறை நடந்துவிட்டது என்று மாமியார் ஐயர் ஒருவரை அழைத்து நூல் கட்டுவித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பின்னேரம்.

நாடித்துடிப்பு 128, இரத்த அழுத்தம் 160/100, மெல்லிய காய்ச்சல். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. "இப்ப எங்கை இருக்கிறீங்கள்?" என்று கேட்டதற்கு "மாத்தளனிலை" என்றார். திசைமயக்கம் என்று குறிப்பில் எழுதப்பட்டது. அது சரிதான். ஆனால் மயக்கத்தில் போய் நிற்பதற்கு உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, இவர் ஏன் இறுதிப்போர் நடந்த 2009இன் புதுமாத்தளனில் போய் நின்றார் என்ற கேள்வி அந்தக் குறிப்பில் இல்லை.

முதல் ஐந்து நாள்

இது குடிநிறுத்தச் சன்னி. நீண்டகாலம் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வருவது. மது மூளையைப் பல வருடம் அமுக்கி வைத்திருக்கும். மூளையும் அதற்கு ஈடுகொடுக்கத் தன் விசையைக் கூட்டியே வைத்திருக்கும். அமுக்கிய கையைச் சட்டென எடுத்தால் அந்த விசை கட்டில்லாமல் பாயும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். சன்னி இரண்டாம் நாளுக்குப் பிறகு. கவனிக்காமல் விட்டால் உயிரையே கொண்டுபோகும். ஆகவே தினமும் அதிகமாகக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்ப்பது ஆபத்து. நேர்த்திக்காக நிறுத்துவதென்றாலும் ஒரு வைத்தியரிடம் காட்டிவிட்டு நிறுத்துவது நல்லது.

எல்லாவற்றையும் சன்னியின் தலையில் போட்டுவிடவும் கூடாது. காய்ச்சலும் இருந்தது, இரத்தத்தட்டுகளும் 88,000 ஆகக் குறைந்திருந்தன. யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் முதலில் டெங்குவைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தோம், இல்லை. வலிப்பில் தலை அடிபட்டதால் சீ.டி. ஸ்கான், இரத்தக்கசிவு இல்லை. ஈரல் நொதியங்கள் உயர்ந்திருந்தன. பொற்றாசியமும் மக்னீசியமும் குறைவு. தயமின் (விற்றமின் பி1) ஊசியை முதலில் போட்டு, அதன்பிறகே குளுக்கோஸ் சேலைன் ஏற்றினோம். இந்த வரிசை மாறினால் ஏற்கனவே தயமின் வற்றிப்போன மூளையில் நிரந்தரப் பாதிப்பு வரலாம். ஈரல் பழுதடைந்திருந்ததால் மூளையை அமைதிப்படுத்த டயசபாமுக்குப் பதில் லொராசபாம் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வந்தோம். ஐந்தாம் நாள் தெளிந்துவிட்டார். நாள், இடம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். வெட்கப்பட்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் விற்றமின் குளிசையும் "இனிக் குடியாதையுங்கோ" என்ற புத்திமதியும் கொடுத்துத் துண்டு வெட்டி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்பதாம் நாள் இரவு

கிட்டவுள்ள கோயில் ஒன்றில் திருவிழா வெடி போட்டார்கள். தாதி வந்து பார்த்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. ஆள் கட்டிலுக்குக் கீழே, முழங்கால் நெஞ்சோடு ஒட்ட, இரண்டு கையாலும் பின்கழுத்தை மூடியபடி. சன்னி திரும்பிவிட்டதோ என்று தாதி நாளையும் இடத்தையும் கேட்டார். எல்லாம் சரியாக வந்தது. நடுக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. "அது வெடிதான் எண்டு எனக்குத் தெரியும் மிஸி, கால்தான் கேக்கேல்லை" என்றார்.

சன்னியில் உள்ளவருக்கு எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. இவருக்குத் தெரிந்திருந்தது, இருந்தும் உடம்பு தன்பாட்டில் பதுங்கியது. மறுநாள் மனைவியைத் தனியாக அழைத்துக் கதைத்தோம். எத்தனை போத்தல், எவ்வளவு கடன், அடிப்பாரா என்றே எல்லோரும் அவரிடம் கேட்டிருந்தார்கள். நித்திரையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லையாம். அவர் சொன்னது இது: "குடிச்சால் நித்திரை கொள்ளுவார் டொக்டர். குடிக்காட்டித்தான் கத்துறவர்."

கோடு போட்டுப் பார்த்தது

மதுவுக்கு அடிமையானவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால், அது குடியால் வந்ததா, தனியாக உள்ள நோயா என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. மதுவே மனத்தைச் சோரவைக்கும். நிறுத்திய முதல் வாரங்களில் பதற்றமும் நித்திரையின்மையும் எல்லோருக்கும் வரும். கனவும் அப்படித்தான்: மது கனவு நித்திரையை அமுக்கும், நிறுத்தியதும் அது பெருக்கெடுத்து வரும். அதனால் சோர்வு குணங்குறிகளை மதிப்பிட இரண்டு முதல் நான்கு வாரம் குடிக்காமல் இருக்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். நல்ல விதிதான். ஆனால் அதைப் பிழையாகப் பிடித்துக்கொண்டு "நாலு கிழமை குடிக்காமல் இருந்துவிட்டு வா, பிறகு மனத்தைப் பார்ப்போம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். கனவுக்குப் பயந்து குடிப்பவரால் அந்த நாலு கிழமையைக் கடக்க முடிவதில்லை. இவருக்கும் முன்னர் ஓரிடத்தில் அப்படிச் சொல்லியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் குடிகாரருக்கு மனநல மருந்து தரமுடியாது, முதலில் மறுவாழ்வு நிலையத்துக்குப் போ என்றார்களாம்.

காத்திருக்காமல் அறிய ஒரு வழி உண்டு. கடந்தகாலத்தில் அவர் குடிக்காமல் இருந்த காலங்களைத் தேடுவது. யாழ்ப்பாணத்தில் அது சுலபம். நல்லூர், கந்தசஷ்டி, சபரிமலைக்கு மாலை போட்டது, வீட்டில் துடக்கு, மஞ்சள் காமாலை என்று குடிகாரர் ஒவ்வொருவரின் வாழ்க்கையிலும் உலர்ந்த வாரங்கள் உண்டு. மனைவிமார் அவற்றைத் திகதியோடு நினைவில் வைத்திருப்பார்கள். ஒரு நீளத்தாளில் கோடு போட்டோம். கோட்டுக்குக் கீழே குடி, மேலே நித்திரை, கனவு, மனநிலை. கணவனும் மனைவியும் சேர்ந்து நிரப்பினார்கள். இடையில் இரண்டு தரம் சண்டையும் பிடித்தார்கள்.

கோடு காட்டியது இதுதான். பிறந்த ஊர் வலிகாமம் வடக்கு. 1990இல் சிறுவனாக இடம்பெயர்ந்தார். 1995 ஒக்ரோபர் 30 வலிகாமப் பெயர்வில் சனத்தோடு சனமாகத் தென்மராட்சி, அங்கிருந்து வன்னி. அதுவரை கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை, கலியாணவீட்டில் ஒரு கிளாஸ் கள்ளோடு சரி. 2009இல் ஷெல்லடியில் தம்பிக்கு வயிற்றில் காயம். தோளில் தூக்கிக்கொண்டுபோய், காயக்காரரைக் கிடத்தியிருந்த இடத்தில் விட்டுவிட்டு, மனைவி பிள்ளையோடு மறுபக்கம் கடந்தார். தம்பியைப் பற்றி அதன்பிறகு தகவலே இல்லை. போரிலிருந்து வெளியேறியவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்த மாதங்களில் சொட்டு மதுவும் கிடைக்கவில்லை. அப்போதே இரவில் கத்தத் தொடங்கிவிட்டார். 2010இல் யாழ்ப்பாணம் திரும்பினார். கட்டடவேலை நிறைய இருந்தது. சனிக்கிழமைச் சம்பளம், கூட வேலைசெய்தவர்கள் ஊற்றிக் கொடுத்த முதல் கால்போத்தல், அன்றிரவு கனவில்லாத நித்திரை. அந்த இரவு அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2014இல் நல்லூர் 25 நாளும் நிறுத்தியபோது கனவு மோசமானது. 2019இல் காமாலை வந்து நான்கு மாதம் தொடவில்லை. அந்த நான்கு மாதமும் நித்திரை இல்லை, வேலைக்குப் போகவில்லை, கிணற்றடியில் போய் இருந்துவிடுவாராம். நான்கு மாதம் என்பது குடிநிறுத்தத்தின் பின்விளைவு என்று சொல்லக்கூடிய காலம் அல்ல. வேறு இரண்டு விஷயங்களையும் கோடு காட்டிற்று. வருடத்தில் குடி உச்சத்துக்குப் போவது போர் முடிந்த மே மாதத்தில் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஆடி அமாவாசையை அண்டியும் இன்னோர் உச்சம் இருந்தது. ஊரே கீரிமலையில் பிதிர்க்கடன் செய்யும் நாள் அது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தாய் இன்னும் நம்புகிறார். அதனால் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. கொடியேற்றம் ஆடி அமாவாசைக்குச் சில நாள் கழித்துத்தான் வரும். அதாவது வருடத்திலேயே மிகக் கூடுதலாகக் குடித்த கிழமையின் முடிவில் அவர் ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறார். மற்றது, இரண்டு வருடமாகத் துண்டில்லாமல் கடையில் நித்திரைக் குளிசை வாங்கிப் போட்டு வந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது.

முடிவு: மதுவில் தங்கியிருத்தல், நெருக்கீட்டின் பின்னான மனவடு நோய் (PTSD), மிதமானதைத் தாண்டிய மனச்சோர்வு. மூன்றும் தனித்தனி நோய்கள், ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. மனவடுவுக்கான பி.சி.எல்-5 வினாத்தாளில் 80க்கு 54 (31 முதல் 33க்கு மேல் என்றால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம்), மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9இல் 27க்கு 19. இரண்டும் நான்காம் வாரத்தில், குடியில்லாமல் எடுத்தவை. புள்ளிகளை நோயறியப் பாவிக்கவில்லை, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்தோம். தற்கொலை எண்ணத்தை நேராகவே கேட்டோம். இருந்தது. கிணற்றடியில் போயிருந்தது சும்மா இல்லை. மாமனாரின் வெங்காயத் தோட்டத்துக்கான கிருமிநாசினிப் போத்தல்கள் வீட்டுக் கொட்டிலில்தான் இருந்தன. அன்றைக்கே அவற்றை வேறு வளவுக்கு மாற்றச் சொன்னோம். அந்தக் கிழமை செய்தவற்றில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்.

மருந்து

சேர்ட்ரலின் 50 மில்லிகிராமில் தொடங்கி 150வரை போனோம். மனவடுவுக்கும் சோர்வுக்கும் இரண்டுக்கும் உதவும் மருந்து. ஆனால் வேலைசெய்ய வாரங்கள் எடுக்கும், இதை முதலே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். கனவுக்கு இரவில் பிரசோசின் 1 மில்லிகிராமில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். இந்த மருந்தைப் பற்றி ஆய்வுகள் ஒருமித்துச் சொல்வதில்லை: 2018இல் அமெரிக்க முன்னாள் படையினர் 304 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. இவருக்கு இரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்ததால் கொடுத்துப் பார்ப்பதில் நட்டமில்லை என்று முடிவெடுத்தோம். முதல் இரவு திடீரென எழும்பினால் தலைசுற்றி விழலாம் என்று மனைவிக்கும் சொல்லி அனுப்பினோம். நித்திரைக் குளிசையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். மது விட்டவருக்கு அந்த வகைக் குளிசையைத் தொடர்ந்து எழுதிக்கொடுப்பது ஒரு பழக்கத்தை இன்னொன்றால் மாற்றிவிடுவதுதான்.

குடி ஆசைக்கு, ஈரல் நொதியங்கள் இறங்கிய பின் நல்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம். டைசல்பிராம் ஏன் இல்லை என்று மாமியார் கேட்டார். பெயர் தெரிந்து கேட்கவில்லை, "அவருக்குத் தெரியாமல் சொதியிலை கலந்து குடுக்கிற குளிசை ஒண்டு இருக்காமே டொக்டர்" என்றார். இந்தக் கேள்வி எல்லாக் கிளினிக்கிலும் வரும். தெரியாமல் கொடுத்து அவர் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, இரத்த அழுத்தம் விழுந்து, இதயம் தடுமாறி ஆபத்தாகலாம். டைசல்பிராம் தெரிந்து விரும்பிக் குடிக்கவேண்டிய மருந்து. பழுதடைந்த ஈரலுக்கு அதுவும் கூடாது. கள்ளமாகக் கொடுத்தது பிடிபட்டால் பிறகு எந்தக் குளிசையையும் அவர் நம்பிக் கையில் வாங்கமாட்டார். மாமியார் அரைமனத்தோடு ஒத்துக்கொண்டார்.

கயிறும் கல்லும்

குடி முற்றாக நின்ற பிறகுதான் போர்க்காலக் கதையைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் கிளறிவிட்டுக் குடியைக் கூட்டிவிடுவோம் என்ற பயம் பலரிடம் உண்டு. 2012இல் வெளியான சிட்னி ஆய்வு ஒன்றில், போதையும் மனவடுவும் சேர்ந்த 103 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டுக்கும் ஒரேநேரத்தில் உளச்சிகிச்சை கொடுத்தார்கள். மனவடு மற்றவர்களைவிடக் குறைந்தது, போதைப்பாவனை கூடவில்லை. ஆறாம் வாரத்திலிருந்து நாங்களும் தொடங்கினோம். முதலில் சில அமர்வுகள் மூச்சு, தரையில் கால் பதித்தல், குடி ஆசை வரும்போது செய்யவேண்டியவை. அதன் பிறகு கதைசொல்லல் முறை: நிலத்தில் ஒரு கயிறு விரித்து, பிறப்பிலிருந்து இன்றுவரை நல்லதற்குப் பூவும் கெட்டதற்குக் கல்லும் வைத்து, ஒவ்வொரு கல்லையும் நேரமெடுத்துச் சொல்லவைப்பது. வடகிழக்கில் சுனாமிக்குப் பின் 31 பிள்ளைகளிடம் பரீட்சித்த முறைதான்.

அவர் 2009க்கு வைத்தது பெரிய கல்லே இல்லை. சின்னக் கூழாங்கல், அதுவும் மற்றக் கற்களுக்குப் பின்னால் ஒளித்து. அதற்கு வந்துசேரவே பல அமர்வு எடுத்தது. தம்பியைக் கிடத்தியபோது அவன் சாரத்தைப் பிடித்திருந்தான், விரலை ஒவ்வொன்றாகக் கழற்றினேன் என்றார். பதினான்கு வருடத்தில் மனைவிக்கும் சொல்லாத விஷயம். அந்தக் கிழமை குடி ஆசை கூடியது. எதிர்பார்த்ததுதான் என்பதால் சமூகநலத் தாதி தினமும் தொலைபேசியில் கதைத்தார். கீரிமலைக் கடனைச் செய்யச் சொல்லலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. சொல்லவில்லை. அது தாயோடு சேர்ந்து அவர்கள் எடுக்கவேண்டிய முடிவு, வைத்தியர் துண்டில் எழுதும் விஷயம் அல்ல.

வழுக்கல்

நான்காம் மாதம் ஒரு சனிக்கிழமை மீண்டும் குடித்தார், தொடர்ந்து ஆறுநாள். ஆறாம் நாள் வெறியோடு கிளினிக்குக்கு வந்தார். வாசலில் நின்றவர்கள் "வெறி முறிஞ்சு வாங்கோ" என்று திருப்பியனுப்பப் பார்த்தார்கள். உள்ளே எடுத்தோம். வெறியோடு வந்தாலும் வந்திருக்கிறார் அல்லவா? அன்று ஆழமாக ஒன்றும் கதைக்கவில்லை. பாதுகாப்பைப் பார்த்து, இரண்டுநாள் வாட்டில் வைத்து நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, சேர்ட்ரலினை நிறுத்தாமல் தொடர்ந்தோம். குடித்த நாளில் எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவதுதான் வீடுகளில் நடப்பது; இவரும் அப்படியே செய்திருந்தார்.

காரணத்தைத் தேடினால் பெரிய சோகம் ஒன்றுமில்லை. கொந்தராத்துக்காரர் சனிக்கிழமை பின்னேரம் சம்பளத்தைத் தவறணைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கொடுப்பார். சமூகப்பணியாளர் போய்க் கதைத்தார். இப்போது சம்பளம் வெள்ளிக்கிழமை மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. எந்த மருந்தையும்விட இது கூடுதலாக வேலைசெய்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மனைவிக்கும் மனச்சோர்வு இருந்தது, தனியாகக் கிளினிக் போடப்பட்டது. பல வருடம் இரவில் நித்திரை முழித்து, கடன் கட்டி, அடியும் வாங்கியவர் அவர். குடிகாரரின் மனைவி என்று அவரை மருந்து கொடுக்கும் ஆளாக மட்டும் பாவிப்பது எங்கள் சேவைகளில் சாதாரணமாக நடக்கிறது.

ஒரு வருடத்தில்

மொத்தம் இரண்டு வழுக்கல்கள், இரண்டாவது ஒரே இரவோடு முடிந்தது. பி.சி.எல்-5 54இலிருந்து 28க்கு, பி.எச்.க்யூ-9 19இலிருந்து 7க்கு இறங்கியது. ஈரல் நொதியங்கள் கிட்டத்தட்ட வழமைக்கு வந்துவிட்டன. கனவு மாதத்தில் ஓரிரு தரம் வருகிறது. எழும்பித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுப்பாராம். கதவு பூட்டிய அறையில் இன்னும் படுக்கமாட்டார். வெடிச்சத்தத்துக்குப் பதறுகிறார், பதுங்குவதில்லை.

மாறாதவையும் உண்டு. தாயோடு தம்பியைப் பற்றி இன்னும் கதைக்க முடியவில்லை. மூத்த மகனுக்கு 17 வயது; தகப்பனோடு பேச்சில்லை, பள்ளிக்கூடமும் ஒழுங்காகப் போவதில்லை. ஐஸ் என்ற போதைப்பொருளும் போதைக் குளிசையும் ஊருக்குள் வந்துவிட்ட காலம் என்பதால் அவனைத் திட்டித் துருவாமல் கதைக்க ஒரு இளம் உளவளத்துணையாளரை ஒழுங்கு செய்திருக்கிறோம். முதல் தரம் வரவில்லை. இரண்டாம் தரம் வந்து வெளி வாங்கிலில் இருந்துவிட்டுப் போனான். சேர்ட்ரலின் இன்னும் ஒரு வருடமாவது தொடரும். நல்ட்ரெக்சோனை எப்போது நிறுத்துவது என்பதை அடுத்த ஆடி மாதம் கடந்த பிறகு பார்ப்பதாக அவரோடு சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். இடையில் அவசரமென்றால் வாட்டுக்கு நேரே வரலாம், இரவென்றால் 1926 மனநல உதவி எண்ணுக்கு எடுக்கலாம் என்று கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.